தாராபுரத்துக் கதையை நீதான் எடுக்க வேண்டும்!

உன் கையில் போன் இருக்கிறது. போனில் கமரா இருக்கிறது.

இன்னும் என்ன வேண்டும் உனக்கு? சொல்!

"எனக்குப் படம் எடுக்கப் படிப்பில்லை." "என்னிடம் காசில்லை." "பொம்பிளைப் பிள்ளை கமராவோடு றோட்டில் நின்றால் நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள்." "தாராபுரத்தில் படம் எடுக்க என்ன இருக்கிறது?"

முடிந்ததா? இன்னும் சாட்டு இருக்கிறதா? இருந்தால் அதையும் கொண்டுவா!

தங்கச்சி, மன்னார்த் தீவில் தாராபுரத்தில் இருக்கிற உனக்குத்தான் இதை எழுதுகிறேன். எருக்கலம்பிட்டியில் இருந்தாலும் நீதான். பேசாலையில், வங்காலையில், முசலியில் இருந்தாலும் நீதான்.

ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் இருப்பவளே! நடுச்சாமம் வரை மற்றவர்களின் வீடியோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பவளே! "இதைவிட நன்றாக நான் எடுப்பேன்" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்பவளே!

அந்தக் குரல் பொய் சொல்லவில்லை. நீதான் அதை அமுக்கி வைத்திருக்கிறாய்.

படிப்பில்லை என்றாயே, ரீமா தாஸைத் தெரியுமா உனக்கு?

அசாமில் சாய்காவ் பக்கத்துக் கிராமத்துப் பெண். சினிமாப் பள்ளிக்கூடத்தின் வாசற்படியை மிதித்தவர் இல்லை. நடிகையாக வேண்டும் என்று மும்பைக்குப் போனார்.

நடிகையானாரா? இல்லை! ஹிந்தி சரளமாக வரவில்லை. வாய்ப்பும் வரவில்லை. வருடங்கள்தான் போயின.

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? "எனக்கு விதித்தது இவ்வளவுதான்" என்று பெட்டியைக் கட்டியிருப்பாய்.

அவரும் ஊருக்குத் திரும்பினார். கமராவோடு திரும்பினார்!

முதல் படத்தை ஊரிலேயே எடுத்தார். அந்த வேளையில்தான் சில சின்னப் பிள்ளைகள் அவர் கண்ணில் பட்டார்கள். ரெஜிபோமில் கிற்றார் வெட்டி வைத்துக்கொண்டு, பெரிய பாடகர்கள் போல ஆடிப் பாடிய பிள்ளைகள். ஒரு சதம் பெறாத கிற்றார்! அந்தப் பிள்ளைகளின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தார். கதை கிடைத்துவிட்டது.

'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்' பிறந்தது அப்படித்தான். உண்மையான கிற்றார் ஒன்றுக்கு ஆசைப்படும் சிறுமி துனு. தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய். வருடா வருடம் வயலை விழுங்கும் வெள்ளம். இவ்வளவுதான் கதை.

எழுதியது ரீமா. காசு போட்டது ரீமா. கமரா பிடித்தது ரீமா. வெட்டி ஒட்டியது ரீமா. நடித்தது ஊர்ப் பிள்ளைகள்!

லைட்? சூரியன் இருக்கிறது. செட்? ஆறும் மரமும் சேறும் இருக்கின்றன. வெள்ளம் வேண்டுமா? வெள்ளம் வரும்வரை காத்திருந்தார். மழை வேண்டுமா? மழைக்கும் காத்திருந்தார். பிள்ளைகள் அவருடைய கமராவுக்கு முன்னாலேயே வளர்ந்தார்கள்.

காசுள்ளவன் மழையை மெஷினில் பெய்ய வைப்பான். காசில்லாத உன்னிடம் வேறொன்று இருக்கிறது. நேரம்! ஊரிலேயே இருப்பவளுக்கு மட்டும் கிடைக்கிற நேரம்!

2017இல் அந்தப் படம் ரொறன்ரோ விழாவுக்குப் போனது. 2018இல் இந்தியாவின் சிறந்த திரைப்படம் என்ற தேசிய விருதை வாங்கியது. அந்த வருடமே இந்தியாவின் சார்பில் ஒஸ்காருக்கும் அனுப்பப்பட்டது. துனுவாக நடித்த பனிதா தாஸுக்குச் சிறந்த குழந்தை நட்சத்திர விருது. படத்தொகுப்புக்கான விருது ரீமாவுக்கே.

இன்னொரு விருதும் உண்டு. அதைத்தான் நீ கவனிக்க வேண்டும். இடத்திலேயே செய்த ஒலிப்பதிவுக்கான தேசிய விருது. வாங்கியவர் மல்லிகா தாஸ். ரீமாவின் சொந்தக்காரப் பெண்!

எனக்கு ரீமாவைவிட மல்லிகாவைத்தான் அதிகம் பிடிக்கும். அக்காள் கமராவைத் தூக்கினாள், தங்கை மைக்கைத் தூக்கினாள். பிடித்த மைக்கைக் கீழே போடாமல் பிடித்தாள். விருது அவள் வாசலுக்கு வந்தது.

உனக்குத் தங்கை இல்லையா? மச்சாள் இல்லையா? பக்கத்து வீட்டில் உன்னோடு படித்தவள் ஒருத்தி இல்லையா? அவள் கையில் மைக்கைக் கொடு!

ரீமா அதோடு நின்றாரா? இல்லை. அதே ஊர், அதே பனிதா, இரண்டாம் பாகம். 2024இல் புசான் திரைப்பட விழாவில் அதற்கும் விருது. ஊரை விட்டு ஓடவேண்டிய தேவையே வரவில்லை!

சரி. அடுத்த சாட்டுக்கு வருகிறேன். இதுதான் உன் நெஞ்சில் ஆழமாகக் குத்தியிருப்பது. எனக்குத் தெரியும்.

"ஊர் கதைக்கும்."

கதைக்கும்! நிச்சயம் கதைக்கும்! நீ படம் எடுக்காமல் வீட்டில் இருந்தால் கதைக்காதா? "ஏன் இன்னும் கலியாணம் ஆகவில்லை" என்று கதைக்கும். கலியாணம் ஆனால் "ஏன் இன்னும் பிள்ளை இல்லை" என்று கதைக்கும். எப்படியும் கதைக்கப் போகிற வாய்க்காக உன் கையைக் கட்டிப் போடுவாயா?

ஹைஃபா அல் மன்சூர் என்று ஒரு பெண். சவூதிக்காரி. நம் நாட்டிலிருந்து எத்தனை உம்மாமார் வீட்டு வேலைக்குப் போன ரியாத்! அந்த ரியாத்தின் தெருவில் அவர் ஒரு முழுநீளப் படம் எடுத்தார். 2012இல் வந்த 'வஜ்தா'. ஒரு சிறுமி சைக்கிள் வாங்க ஆசைப்படுகிறாள், அதுதான் கதை.

அப்போது அந்த நாட்டில் சினிமாத் தியேட்டருக்கே தடை. 2018இல்தான் தியேட்டர்கள் மறுபடி திறந்தன. தெருவில் ஆண்களோடு நின்று ஒரு பெண் வேலை வாங்க முடியாத காலம்.

என்ன செய்தார் தெரியுமா? ஒரு வானுக்குள் ஏறி உட்கார்ந்தார். சின்னத் திரையில் காட்சியைப் பார்த்துக்கொண்டே, வோக்கி டோக்கியில் கட்டளை கொடுத்தார். வெளியே ஆண்கள் ஓடி ஓடி வேலை செய்தார்கள். உள்ளே இருந்து ஒரு பெண் படத்தை இயக்கினார்!

சவூதி மண்ணிலேயே முழுவதும் எடுக்கப்பட்ட முதல் முழுநீளப் படம் அது. ஒரு வானுக்குள் இருந்து!

உன் ஊர் ரியாத்தைவிடக் கடினமா? சொல்! உனக்கு வான்கூடத் தேவையில்லை. உன் வீட்டு விறாந்தை போதும்.

உன் முகத்தைக் காட்டப் பயமா? நீ கமராவுக்குப் பின்னால்தானே நிற்கப் போகிறாய்! உன் உம்மாவுக்கு முகம் காட்ட விருப்பம் இல்லையா? மரியாதை கொடு. கையைக் காட்டு. பாய் இழைக்கும் விரலைக் காட்டு. குரல் போதும். கை பொய் சொல்லாது.

இனி அந்தக் கடைசிச் சாட்டு. "தாராபுரத்தில் என்ன இருக்கிறது?"

இதைக் கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது!

1990 ஒக்டோபர். வடக்கிலிருந்த முஸ்லிம்கள் முழுப்பேரையும் விடுதலைப் புலிகள் வெளியேறச் சொன்னார்கள். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கின. புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. 2009க்குப் பிறகு சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் வரவே இல்லை.

இதெல்லாம் அறிக்கைகளில் இருக்கிறது. புத்தகங்களிலும் இருக்கிறது.

ஆனால் செய்தி வந்த நேரத்தில் உன் உம்மம்மாவின் அடுப்பில் என்ன வெந்துகொண்டிருந்தது? எந்த அறிக்கையில் இருக்கிறது அது?

வீட்டைப் பூட்டினாரா, திறந்தபடியே விட்டுப் போனாரா? திறப்பை யாரிடம் கொடுத்தார்? ஆட்டை என்ன செய்தார்? படகில் பிள்ளை அழுதபோது எதைக் கொடுத்து அடக்கினார்? இருபது வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்தபோது முதலில் எந்த இடத்தில் போய் நின்றார்?

உனக்குத் தெரியுமா? கேட்டிருக்கிறாயா?

கணக்குப் போடு. அன்று இருபது வயதுப் பெண் இன்று ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டாள். அன்று நாற்பது வயதுக்காரி எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டாள். அன்று அறுபது வயது? மையத்துப் பிட்டியில் போய்க் கேள்!

ஒவ்வொரு ஜனாஸாவோடும் ஒரு படம் மண்ணுக்குள் போகிறது. நீ இன்னும் "எனக்குப் படிப்பில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய்!

இந்தக் கதையைப் பெறுமதியானது என்று நினைத்த ஒரு பெண்ணைச் சொல்கிறேன். சுமதி சிவமோகன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். தமிழ்ப் பெண்.

அவருடைய அக்கா யார் தெரியுமா? டொக்டர் ராஜினி திராணகம. 'முறிந்த பனை' நூலை எழுதியவர்களில் ஒருவர். 1989 செப்டெம்பர் 21இல், யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டவர்.

உண்மையைப் பேசியதற்காக அக்காவைப் பறிகொடுத்த தங்கை என்ன செய்திருக்க வேண்டும்? உலகத்தின் கணக்குப்படி வாயை மூடியிருக்க வேண்டும். வீட்டுக்குள் இருந்திருக்க வேண்டும்.

அவர் கவிதை எழுதினார். நாடகம் போட்டார். பிறகு கமராவைப் பிடித்தார். 2013இல் 'இங்கிருந்து'. மலையகத் தமிழரின் வாழ்வைப் பற்றிய முழுநீளப் படம். 2017இல் 'சன்ஸ் அன்ட் ஃபாதர்ஸ்'. கொழும்பின் சினிமா இசை உலகத்தையும் இனவன்முறையையும் பற்றியது.

பிறகு எங்கே வந்தார் தெரியுமா? உன் மாவட்டத்துக்கு! முசலிக்கு! வில்பத்துக் காட்டின் ஓரத்தில் பாலைக்குழிக்கு! 1990இல் துரத்தப்பட்டுத் திரும்பி வந்த முஸ்லிம்களின் கதையை ஆவணப்படமாக எடுத்தார். திரும்பி வந்தவர்கள் பார்த்தது என்ன? விட்டுப்போன நிலத்தில் காடு. பிறகு அந்தப் பகுதி நிலத்தையே வன ஒதுக்கம் என்றது வர்த்தமானி. மூன்று தலைமுறை அலைச்சல்!

தன் இனத்தின் பெயரால் நடந்த அநீதியை ஒரு தமிழ்ப் பெண் கமராவோடு போய்ப் பார்த்தார். அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

உனக்கு அவ்வளவுகூடத் தேவையில்லையே! உன் கதை உன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நீ தாண்ட வேண்டியது ஒரு வாசற்படி!

பேராதனையிலிருந்து ஒரு பேராசிரியர் பாலைக்குழிக்கு வரலாம். தாராபுரத்துப் பிள்ளை தாராபுரத்துக் குசினிக்குள் போகமாட்டாளா?

பழைய கதை மட்டுமா? 2025இல் மன்னாரில் சனம் வீதியில் இறங்கியது. காற்றாலைகள் வேண்டாம், தீவின் மணலை அகழாதே என்று கத்தியது. வெளியூர்க் கமராக்கள் வந்தன. எடுத்தன. போய்விட்டன. நீ போகவில்லை! அடுத்த மழைக்கு எந்த ஒழுங்கையில் தண்ணீர் நிற்கும் என்று உனக்குத் தெரியும். வந்து போகிறவனுக்கு அது தெரியாது.

பயமாக இருக்கிறதா?

இருக்கட்டும்! பயம் இல்லாமல் எடுத்தவள் யார்? காட்டு, பார்க்கலாம்!

தமிழ்நாட்டு இயக்குநர் லீனா மணிமேகலை தனுஷ்கோடியில் 'செங்கடல்' எடுத்தார். உன் தலைமன்னாருக்கு நேர் எதிர்க்கரை. மீனவர்களையும் அகதிகளையும் வைத்தே எடுத்தார். தணிக்கைக் குழு சான்றிதழ் தரமாட்டேன் என்றது. அழுதுகொண்டு வீட்டுக்குப் போனாரா? மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனார்! 2011இல் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்தார்.

திவ்யபாரதி, தமிழ்நாட்டுப் பெண். மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றி 2017இல் 'கக்கூஸ்' எடுத்தார். திரையிட விடவில்லை. யூரியூப்பில் போட்டார். ஆயிரமாயிரம் பேர் பார்த்தார்கள். மிரட்டல் வந்தது. அதே வருடம் ஜூலையில் ஒரு பழைய வழக்கில் கைது செய்தார்கள்.

அடங்கினாரா? அடுத்த வருடமே 'ஒருத்தரும் வரேல'! ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவர்களின் வீடுகளுக்குள் கமராவோடு போனார். கடலைப் பார்த்துக் காத்திருக்கும் பெண்களை உனக்குத் தெரியாதா? உன் கரையில் அவர்கள் இல்லையா?

பாயல் கபாடியா பூனே திரைப்படக் கல்லூரி மாணவியாக இருந்தவர். 2015இல் மாணவர் போராட்டத்தில் நின்றார். கல்லூரி நடவடிக்கை எடுத்தது. 2024இல் கேன்ஸ் விழாவில் 'ஆல் வீ இமேஜின் ஆஸ் லைட்' படத்துக்கு கிராண்ட் பிரி விருது. முப்பது வருடத்துக்குப் பிறகு முதன்மைப் போட்டிக்குப் போன முதல் இந்தியப் படம்!

நம் நாட்டில்? சுமித்திரா பீரிஸ். பெரும்பாலும் ஆண்களே நின்ற இடத்தில் 1978இல் 'கெஹெணு லமாய்' எடுத்தார். 2023இல் காலமானார். அந்தப் படத்தைத் துடைத்துப் புதுப்பித்து 2025இல் கேன்ஸில் திரையிட்டார்கள். 47 வருடங்கள் கழித்து!

"எடுத்தால் எங்கே காட்டுவது?" என்கிறாயா? யாழ்ப்பாணத்தில் 2015இலிருந்து சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. அதை நடத்துவதும் ஒரு பெண்தான், அனோமா ராஜகருணா. மன்னாரிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஓடவில்லையா?

அதற்கு முன்னால், உன் விறாந்தைச் சுவரில் ஒரு வெள்ளைச் சீலையைக் கட்டு. ஊர்ப் பெண்களைக் கூப்பிடு. அவர்கள் தங்கள் உம்மாவின் குரலைத் திரையில் கேட்கட்டும். எந்த விழாவும் அந்த மரியாதையை உனக்குத் தராது.

இப்போது ஒரு கசப்பான விசயம்.

உன் முதல் படம் நன்றாக வராது.

ஆம்! வராது! கை நடுங்கும். வெளிச்சம் போதாது. உம்மம்மா பேசத் தொடங்கும் நேரத்தில் போன் நிரம்பிவிடும். பிறகு அந்த மன்னார்க் காற்று! அதை நம்பித்தானே தீவில் காற்றாலைகளை நட்டார்கள்! அதே காற்று உன் மைக்கில் புகுந்து "ஹோ" என்று இரைந்து, அரைமணி நேரக் கதையை விழுங்கிவிடும். வீட்டுக்கு வந்து கேட்பாய். ஒரு சொல்லும் விளங்காது.

அழு. பத்து நிமிடம் அழு. பிறகு மைக்கில் ஒரு துணியைச் சுற்று. சுவர் மறைப்பில் கதிரையைப் போடு. மறுபடி கேள்!

இரண்டாவது படமும் சுமாராகத்தான் வரும். மூன்றாவதில் ஓர் இடம், ஒரேயோர் இடம், உன்னையே நிமிர்ந்து உட்கார வைக்கும். அந்த இடத்துக்காகத்தான் முதல் இரண்டையும் எடுக்கிறாய். தோல்வியைத் தாண்டாமல் அங்கே போக வேறு ஒழுங்கை கிடையாது!

காசு? போனிலேயே வெட்டலாம், போனிலேயே ஒட்டலாம். அதற்கான செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. உன்னிடம் இருக்கும் பழைய ஹேண்ட்ஸ்ஃப்ரீ வயரின் மைக்கை உம்மம்மாவின் முந்தானையில் குத்தினால் அதுவே ஒலிப்பதிவு.

இன்றைக்கே தொடங்கு! நாளைக்கு என்று சொல்லாதே. "நோன்பு முடியட்டும், பரீட்சை முடியட்டும், மச்சாளின் கலியாணம் முடியட்டும்" என்று சொல்லாதே!

அஸர் தொழுதுவிட்டு வா. அந்த வெயில் மெல்லியது, முகத்துக்கு நல்லது.

போனில் பழைய வீடியோக்களை அழித்து இடம் எடு. சார்ஜ் போடு. அழைப்பு வராதபடி ஃப்ளைட் மோடுக்கு மாற்று. கமராக் கண்ணாடியைச் சீலை நுனியால் துடை. எண்ணெய்க் கை பட்டிருக்கும்.

உம்மம்மாவிடம் அனுமதி கேள். எதற்கு எடுக்கிறாய், யார் பார்ப்பார்கள் என்று சொல். வேண்டாம் என்றால் குரலை மட்டும் எடு. அதுவும் வேண்டாம் என்றால் எழுதிக்கொள்.

மின்விசிறியை நிறுத்து. யன்னலைப் பார்த்து அவரை உட்கார வை, வெளிச்சம் முகத்தில் விழட்டும். போனைப் படுக்கையாகப் பிடி. இரண்டு தலையணையை அடுக்கி அதன்மேல் வை, கை ஆடாது.

"அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்காதே. யாராலும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. சின்னதாகக் கேள். "படகில் ஏறும்போது கையில் என்ன இருந்தது, உம்மம்மா?"

கேட்டுவிட்டு வாயை மூடு. அவர் நிறுத்தினாலும் நீ பேசாதே. அடுத்த கேள்வியை அவசரமாகத் திணிக்காதே. கொஞ்சம் பொறு. நிறுத்திய பிறகு வருவதுதான் கதை.

அழுதால் கமராவை நிறுத்து. தண்ணீர் கொடு. அவர் சொன்னால் மட்டும் மறுபடி தொடங்கு.

இரவே இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வை. திகதியையும் பெயரையும் எழுதி வை.

நாளைக்கு அடுத்த வீட்டுக்குப் போ.